அடுத்த ஸ்லாபுக்குப் போனால் நஷ்டமா? நியாயமான வருமான வரியை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்வோம்

இன்க்ரிமெண்ட் லெட்டர் வரும் மாதத்தில் எந்த அலுவலகத்திலும் ஒரு பேச்சு காதில் விழும். "இன்னும் பத்தாயிரம் ஏறினா அடுத்த ஸ்லாபுக்குப் போயிடுவேன் சார், மொத்த சம்பளத்துக்கும் 20 பர்சன்ட் பிடிச்சிடுவாங்க, இதுக்கு ஏறாமலே இருந்திருக்கலாம்." நன்றாகப் படித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் ரிட்டர்ன் ஃபைல் பண்ணுகிறவர்கள்கூட இதைச் சொல்வார்கள். கணக்கு அப்படி இல்லை. எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எந்த வரி நியாயம், எது அநியாயம் என்று பேசவே முடியும். அதனால் அங்கேயிருந்து தொடங்குவோம்.

2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில் (பழைய முறையும் பக்கத்திலேயே நடப்பில் இருக்கிறது) இந்தியாவின் ஸ்லாப், அதாவது வருமானப் படிகள், இப்படி: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு விகிதமும் அந்தந்தப் பகுதிக்குள் விழும் பணத்துக்கு மட்டும்தான். நம் ஊர்ப் பக்கம் சங்கிலித் தொடராக ஏரிகள் இருக்குமே, மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அங்கே போய்விட்டதால் மேல் ஏரியின் மட்டம் இறங்கிவிடாது. ஸ்லாபும் அப்படித்தான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவருடைய வரிக்குரிய வருமானம் (கழிவெல்லாம் போக மிச்சம்) 15,90,000. இன்க்ரிமெண்டில் 20,000 ஏறி 16,10,000 ஆகிறது, அதாவது 16 லட்சக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஏறிய 20,000-ல் முதல் 10,000 இன்னும் 15 சதவீதப் பகுதியில்தான் விழுகிறது, அதற்கு 1,500. அடுத்த 10,000-க்கு 20 சதவீதம், 2,000. ஆக 3,500, அதன் மேல் 4 சதவீதம் செஸ் (வரித் தொகையின்மேல் போடும் கூடுதல் வரி) 140 சேர்த்து 3,640 ரூபாய். மிச்சம் 16,360 அவர் கைக்குத்தான் வருகிறது. பழைய 15,90,000-க்கு அவர் கட்டிக்கொண்டிருந்த வரியில் ஒரு பைசாகூட மாறவில்லை.

இதிலிருந்து இரண்டு விகிதங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சம்பாதித்த ரூபாய்க்கு என்ன விகிதம் என்பது ஒன்று, மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போனது என்பது இன்னொன்று. முதலாவதை இறுதிநிலை விகிதம் என்பார்கள், இரண்டாவதை சராசரி விகிதம். 18 லட்சம் வரிக்குரிய வருமானம் உள்ளவர் "நான் 20 பர்சன்ட் ஸ்லாபில் இருக்கிறேன்" என்பார், சரிதான். ஆனால் அவர் கட்டுவது 20,000 + 40,000 + 60,000 + 40,000 = 1,60,000, செஸ்ஸோடு 1,66,400. மொத்த வருமானத்தில் இது சுமார் 9.2 சதவீதம். டிவி விவாதத்தில் "30 சதவீதம் பிடுங்குகிறார்கள்" என்று ஒருவர் குரலை உயர்த்தும்போது அவர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வருமானம் ஏற ஏற சராசரி விகிதமும் ஏறினால் அது வளர்விகித வரி. இப்போதைய முறையில் 12 லட்சம் வரை ரிபேட் (வரியில் தள்ளுபடி) இருப்பதால் வரியே இல்லை, 16 லட்சத்தில் சராசரி 7.8 சதவீதம், 24 லட்சத்தில் 13, 50 லட்சத்தில் ஏறக்குறைய 22.5, ஒரு கோடியில் சர்சார்ஜும் (பெரிய வருமானக்காரரின் வரிமேல் போடும் கூடுதல் வரி) சேர்ந்து 29.5. எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்றால் அது சமவிகித வரி. வருமானம் குறைந்தவருக்குச் சதவீதம் அதிகமாக விழுந்தால் தேய்விகித வரி.

சரி, பணக்காரரிடம் ஏன் கூடுதல் சதவீதம் கேட்க வேண்டும்? எல்லாருக்கும் 10 சதவீதம் என்று போட்டுவிட்டால் அதிகம் சம்பாதிப்பவர் தானாகவே அதிகத் தொகை கட்டுவாரே, அதுதானே சமம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பதில், வரி என்பது கட்டுகிறவரின் வாழ்க்கையிலிருந்து எதை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது. மாதம் 20,000 சம்பாதிக்கும் வீட்டில் 2,000 ரூபாய் போனால் அது கேஸ் சிலிண்டரும் பிள்ளையின் வேன் கட்டணமும் போன மாதிரி. மாதம் 5 லட்சம் வரும் வீட்டில் 50,000 போனால் சேமிப்பு கொஞ்சம் குறையும், சமையலறைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சதவீதம் ஒன்றுதான், வலி ஒன்றல்ல. தாங்கும் சக்திக்கு ஏற்ப வரி என்று பொருளாதாரத்தில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு காரணம் பலர் மறந்துவிடுவது. வருமான வரி தனியாக நிற்கவில்லை, பக்கத்தில் ஜிஎஸ்டி நிற்கிறது. குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லது. ஆனால் அந்த 5 சதவீதத்தைத் தெரு கூட்டும் தொழிலாளியும் கட்டுகிறார், கோடீஸ்வரரும் கட்டுகிறார், அதே சோப்புக்கு அதே தொகை. வருமானம் முழுவதையும் செலவழித்தால்தான் மாதம் ஓடும் என்கிற வீட்டில் ஏறக்குறைய எல்லா ரூபாயும் ஏதோ ஒரு பில்லின் வழியாகப் போகிறது. வருமானத்தில் பாதியைச் சேமிக்கிறவருக்குப் பாதி மட்டும்தான் போகிறது. ஆக, வருமானத்தோடு ஒப்பிட்டால் ஜிஎஸ்டி கீழே இருப்பவர்மேல்தான் அதிகம் விழுகிறது. "இந்தியாவில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் வரி கட்டுகிறார்கள்" என்று சொல்வது இதனால்தான் என்னால் ஏற்க முடியாத பேச்சு. 2024 ஜூலை 31-க்குள் தாக்கலான ரிட்டர்ன்கள் சுமார் 7.28 கோடி, உண்மை. ஆனால் வரி கட்டாத மனிதர் இந்த நாட்டில் கிடையாது, கடையில் பிஸ்கட் வாங்கும் குழந்தை உட்பட. மறைமுக வரி கீழ்ப்பக்கம் சாய்ந்திருப்பதால், வருமான வரியாவது மேல்பக்கம் சாய வேண்டும்.

எவ்வளவு சாயலாம்? இதற்கு நம்மிடமே ஒரு பாடம் இருக்கிறது. 1973-74-ல் இந்தியாவின் உச்ச விகிதம் 85 சதவீதம், அதன்மேல் 15 சதவீதம் சர்சார்ஜ், ஆக 97.75. 2 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். அதற்கு மேல் செல்வ வரி (வீட்டுக்கு நகராட்சி வாங்கும் சொத்து வரி அல்ல, ஒருவருடைய மொத்தச் சொத்தின் மதிப்புக்குப் போட்டது) வேறு. காகிதத்தில் பார்த்தால் உலகத்திலேயே சமத்துவமான நாடு நாம்தான். நடந்தது என்ன? கணக்கில் காட்டாமல் விடுவதில்தான் லாபம் என்றானபின் கணக்கில் காட்டுகிறவர் யார்? நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ கமிட்டி 1971-லேயே இதை எச்சரித்தது: கறுப்புப் பணத்துக்கு இந்த உச்ச விகிதமே ஒரு முக்கியக் காரணம், குறையுங்கள் என்று. 1974-75-ல் 77 சதவீதமாகக் குறைந்தது, 1985-ல் வி.பி.சிங் 50 ஆக்கினார், 1997-ல் ப.சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே விகிதமாக்கினார். அந்த 30 இன்றுவரை நிற்கிறது. உச்ச விகிதம் வசூலாகாவிட்டால் அது வெறும் எண், அதனால் எந்த ஏழைக்கும் ஒரு ரேஷன் அரிசிகூடக் கிடைக்காது. அதே சமயம் 97.75 சதவீதம் தோற்றதைக் காட்டி இன்றைய உச்சமான 39 சதவீதத்தையும் குறைக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டும் வேறு வேறு உயரம். 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குச் சர்சார்ஜ் சேர்த்துப் பழைய முறையில் 42.74 சதவீதம் வரை வந்திருந்தது. புதிய முறையில் சர்சார்ஜுக்கு 25 சதவீதம் என்று வரம்பு போட்டதால் அது 39 ஆகிவிட்டது. அந்தச் சலுகை தேவைப்பட்டதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது வடிவமைப்பில் எங்கே தவறு நடக்கும் என்று பார்ப்போம். ஸ்லாப் தாண்டினால் நஷ்டம் வராது என்று மேலே சொன்னேன் அல்லவா, உண்மையிலேயே நஷ்டம் வரும் ஓர் இடமும் உண்டு. அது ஸ்லாபில் இல்லை, ரிபேட்டில் இருக்கிறது. பழைய வரி முறையில் 5 லட்சம் வரை வருமானம் என்றால் 12,500 ரூபாய் ரிபேட் கிடைத்து வரி பூஜ்யம். 5,00,010 என்றால் ரிபேட் முழுவதும் போய்விடும், செஸ்ஸோடு 13,002 ரூபாய் கட்ட வேண்டும். பத்து ரூபாய் கூடச் சம்பாதித்ததற்குப் பதின்மூன்றாயிரம். இதை வரிப் பள்ளம் என்று சொல்லலாம், நல்ல வடிவமைப்பில் இது எங்கேயும் இருக்கவே கூடாது. மார்ச் மாதம் அவசர அவசரமாக எல்ஐசி பாலிசி எடுத்து 5 லட்சத்துக்குள் வருமானத்தைக் கொண்டுவரும் கூத்தெல்லாம் இந்தப் பள்ளத்தால் வந்ததுதான்.

புதிய முறையில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 12 லட்சம் வரை வரி பூஜ்யம் (சம்பளக்காரருக்கு, ரசீது எதுவும் காட்டாமலே கழிக்கும் 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் சேர்த்து 12.75 லட்சம்). 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி வராது என்று ஒரு பாதுகாப்பு. 12,30,000 வருமானம் என்றால் ஸ்லாப்படி 64,500 வர வேண்டும், ஆனால் 12 லட்சத்துக்கு மேல் அவர் சம்பாதித்தது 30,000 தானே, அதனால் செஸ் நீங்கலாக 30,000 கட்டினால் போதும். பள்ளம் மூடப்பட்டது, நல்லது. ஆனால் உற்றுப் பாருங்கள்: அந்த 30,000 முழுவதும் வரியாகவே போய்விட்டது! 12 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 12.7 லட்சம் வரை இதே கதைதான், அந்த இடைவெளியில் வருகிற ஒவ்வொரு கூடுதல் ரூபாய்க்கும் இறுதிநிலை விகிதம் நூறு சதவீதம். 5 கோடி சம்பாதிப்பவருக்கு 39, அதற்குமேல் கிடையாது. 12,40,000 உள்ளவருக்கு 100. அந்த இடத்தில் மாட்டுகிறவருக்கு ஓவர்டைம் பார்த்து என்ன பிரயோஜனம்?

அப்படியானால் ரிபேட்டை விட்டுவிட்டு, வரியில்லாத முதல் படியையே 12 லட்சமாக்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. முதல் படியை உயர்த்தினால் அதன் பலன் 12 லட்சத்தோடு நிற்காது, 12 கோடி சம்பாதிப்பவருக்கும் சேர்ந்து போகும், ஏனென்றால் அவருடைய முதல் 12 லட்சமும் அதே படியில்தானே இருக்கிறது. ரிபேட் என்றால் சலுகை கீழே இருப்பவருக்கு மட்டும். 2025 பட்ஜெட்டின் வருமான வரிச் சலுகைகளால் அரசுக்குக் குறையும் நேரடி வரி வருவாய் சுமார் 1 லட்சம் கோடி என்று நிதியமைச்சர் சொன்னார். முதல் படியையே உயர்த்தியிருந்தால் அது இன்னும் எங்கேயோ போயிருக்கும். நடுவழி ஒன்று இருக்கிறது. 12 லட்சத்தில் ரிபேட்டை ஒரேயடியாக நிறுத்தாமல், 12 முதல் 15 லட்சம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடலாம். ரூபாய்க்கு 20 பைசா வீதம் ரிபேட்டைக் குறைத்துக்கொண்டே போனால் 60,000 ரூபாய் சரியாக 15 லட்சத்தில் தீர்ந்துவிடும், அந்த இடைவெளியில் இறுதிநிலை விகிதம் 35 சதவீதமாக இருக்கும், நூறாக இருக்காது. என்னைக் கேட்டால் அடுத்த முறை கைவைக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஸ்லாப் எல்லைகள் எங்கே இருக்கின்றன என்பதோடு, அவை நகர்கின்றனவா என்பதும் முக்கியம். விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது, சம்பளமும் 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். வாங்கும் சக்தியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஸ்லாப் எல்லை அசையாமல் நின்றால் நீங்கள் மேல் படிக்குத் தள்ளப்படுகிறீர்கள், உண்மையில் பணக்காரராகாமலே பணக்காரருக்குரிய விகிதம். பழைய முறையில் 30 சதவீதம் தொடங்கும் 10 லட்சம் என்ற எல்லை 2012-13-ல் வந்தது, வரியில்லா வரம்பான 2.5 லட்சம் 2014-15-ல் வந்தது, இரண்டும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. 2012-ல் 10 லட்சத்துக்கு இருந்த மதிப்பு இன்று உண்டா? அமெரிக்காவில் 1985 முதல் ஸ்லாப் எல்லைகள் ஆண்டுதோறும் விலைவாசியோடு தானாகவே நகர்கின்றன, சட்டத்திலேயே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அது பட்ஜெட் நாள் பரிசாக வருகிறது, கைதட்டலும் வாங்கிக்கொள்கிறது. நமக்கு உரியதையே நமக்குத் திருப்பித் தருவதற்கு ஒரு நாள் விழா எதற்கு?

இது எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு இலங்கையில் வாசிக்கிறவர்களிடம் விளக்கமே தேவையில்லை. 2019 கடைசியில் அங்கே வரிகளைத் தாராளமாகக் குறைத்தார்கள். வற் வரி (மதிப்புக்கூட்டு வரி) 15-லிருந்து 8 சதவீதமானது, சம்பளத்தில் மாதாமாதம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டிருந்த பேயி வரியும் 2020 முதல் நின்றது. பிறகு வந்த நெருக்கடி எல்லாரும் அறிந்தது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் 2023 ஜனவரியில் புதிய வரி: மாதம் 1 லட்சத்துக்கு மேல் வரி, ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு ஒரு படி என்று 6, 12, 18, 24, 30, 36. அதாவது மாதம் சுமார் 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேல் போனால் உச்ச விகிதம். பொருள்களின் விலையெல்லாம் இரட்டிப்பை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், படிகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் ஓர் அரசு மருத்துவரும் பெரிய ஹோட்டல் முதலாளியும் ஒரே உச்சப் படியில் வந்து நிற்பார்கள். மருத்துவர்களும் விரிவுரையாளர்களும் தெருவில் இறங்கிப் போராடியது இதனால்தான். 2025 ஏப்ரலில் வரம்பை மாதம் 1.5 லட்சமாக உயர்த்தி முதல் படியையும் அகலப்படுத்தினார்கள். விகிதங்கள் மட்டும் அல்ல, படிகளின் அகலமும் நியாயத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து கழிவுகள். 80சி என்று நமக்கெல்லாம் மனப்பாடமாகிப்போன அந்த 1.5 லட்சம், பழைய முறையில் இருப்பது. பிஎஃப், எல்ஐசி, பிள்ளைகளின் ட்யூஷன் ஃபீஸ் என்று காட்டி 1.5 லட்சத்தை வருமானத்திலிருந்து கழிக்கலாம். இதில் யாருக்கு எவ்வளவு மிச்சம்? 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு 46,800 ரூபாய், 20 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு 31,200, 5 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை, ரிபேட்டால் அவருக்கு ஏற்கெனவே வரி பூஜ்யம்தானே. ஒரே சேமிப்பு, அரசு கொடுக்கும் ஊக்கத்தொகை மட்டும் பணக்காரருக்கு அதிகம். போதாததற்கு, மாதம் 50,000 சம்பளத்தில் வாடகையும் கட்டிக்கொண்டு ஆண்டுக்கு 1.5 லட்சம் சேமிக்க எத்தனை பேரால் முடியும்? அதனால் புதிய முறையில் இந்தக் கழிவுகளை எடுத்துவிட்டு விகிதத்தைக் குறைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆனால் அந்தக் கத்தி வெட்டக்கூடாததையும் வெட்டிவிட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு 80டிடி என்ற பிரிவில் 75,000 கழிவு இருந்தது, கடுமையான குறைபாடு என்றால் 1,25,000. மாற்றுத்திறனாளியே வரி கட்டுகிறவர் என்றால் 80யு. புதிய முறையில் இரண்டும் கிடையாது. தெரபி, பராமரிப்பு, சக்கர நாற்காலி, பிள்ளையைக் கவனிக்க வேலையை விட்ட அம்மா, இதெல்லாம் விருப்பச் செலவு இல்லை. 14 லட்சம் சம்பாதித்து இந்தச் செலவில்லாதவரும், 14 லட்சம் சம்பாதித்து இந்தச் செலவு உள்ளவரும் ஒரே தாங்கும் சக்தி உடையவர்கள் என்று சட்டம் சொல்வது தவறு. வருமானத்திலிருந்து கழிப்பதற்குப் பதிலாக வரியிலிருந்து நேராக ஒரு தொகையை, ஸ்லாப் எதுவானாலும் எல்லாருக்கும் ஒரே அளவாக, கழித்துவிட்டால் மேலே சொன்ன பணக்காரருக்கு அதிகம் என்ற பிரச்சினையும் வராது. இதைச் செய்யாமல் விட்டதற்கு எளிமை என்று காரணம் சொல்கிறார்கள். எளிமை நல்லதுதான், ஆனால் அதன் செலவை அந்தப் பெற்றோர் தலையில் கட்டக் கூடாது.

எதை ஓர் அலகாக எடுப்பது, தனிமனிதரையா குடும்பத்தையா என்பதும் சுலபமான கேள்வி இல்லை. ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு 12 லட்சம் சம்பளம். வரி பூஜ்யம். பக்கத்து வீட்டில் ஒருவர் மட்டும் 24 லட்சம் சம்பளம் வாங்குகிறார், மனைவி வீட்டையும் மாமியாரையும் பார்த்துக்கொள்கிறார். இவர் கட்டுவது, அந்த 75,000 கழிவு போக, செஸ்ஸோடு 2,92,500. இரண்டு வீட்டுக்கும் வருமானம் ஒன்றே. அநியாயம் போலத் தெரியும். ஆனால் குடும்பத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் வேறொன்று நடக்கும்: மனைவி வேலைக்குப் போனால் அவருடைய முதல் ரூபாயே கணவருடைய உச்சப் படியின்மேல் போய் உட்காரும், "நீ சம்பாதித்து வரிக்குத்தான் கட்டணும், வீட்டிலேயே இரு" என்று சொல்ல அது வசதியாகிவிடும். பெண்களுக்குச் சொந்த வருமானம் என்பது வரிக் கணக்கைவிடப் பெரியது, அதனால் நான் தனிமனித வரியின் பக்கம்தான். அப்புறம், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தைக் காப்பகம், போக்குவரத்து, வெளிச்சாப்பாடு என்று செலவு தனி, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை பேசியது எல்லாம் விகிதம், படி, கழிவு. நியாயம் அதிகம் கசிகிற இடம் இது எதுவும் இல்லை. எந்தப் பணம் வருமானம் என்று கணக்கில் வருகிறது, எது வருவதில்லை என்பதில்தான் கசிகிறது.

சம்பளக்காரருக்கு ஒளிய இடமே கிடையாது. பணம் வங்கிக்கு வரும் முன்பே டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள், ஃபார்ம் 16-ல் எல்லாம் எழுதியிருக்கிறது. இப்போது ஒரு சொந்தத் தொழில் நிபுணரை எடுத்துக்கொள்ளுங்கள்; மருத்துவர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் போன்றவர்களுக்கு 44ஏடிஏ என்று ஒரு பிரிவு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் (ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை) இருந்தால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம், வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். 24 லட்சம் வரவு, 12 லட்சம் லாபம், வரி பூஜ்யம். உண்மையில் அவருக்குச் செலவு 4 லட்சம்தான் என்றால் 20 லட்சத்தைக் காட்ட வேண்டியதுதான் முறை, ஆனால் கணக்கே கேட்காதபோது யார் காட்டப் போகிறார்கள்? சின்னத் தொழில் செய்கிறவரை ஆடிட்டர் செலவிலிருந்தும் கணக்குத் தொல்லையிலிருந்தும் காப்பாற்ற வந்த ஏற்பாடு இது, அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். அதே 24 லட்சம் சம்பளமாக வந்தால் 2,92,500 என்று மேலே பார்த்தோமே, அந்த வித்தியாசத்துக்கு என்ன நியாயம் சொல்வது?

பங்குச் சந்தை இன்னொரு இடம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதுவும் முதல் 1.25 லட்சம் போக. ஒரு கோடி ரூபாய் வரிக்குரிய சம்பள வருமானத்துக்கு வரி 29.5 லட்சம். வேறு வருமானமே இல்லாமல் ஒரு கோடி நீண்டகாலப் பங்கு லாபம் என்றால் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்தும் சுமார் 13.5 லட்சம்தான். கம்பெனி ஏற்கெனவே தன் லாபத்துக்கு வரி கட்டிவிட்டது, பல ஆண்டு லாபத்தில் ஒரு பங்கு வெறும் விலைவாசி ஏற்றம், ரிஸ்க் எடுக்கிறார்கள் என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை இருக்கிறது. அதற்காகக் கொஞ்சம் குறைவான விகிதம் வைத்தால் புரிந்துகொள்ளலாம். பாதிக்கும் குறைவு என்பது அதிகம். உழைத்துச் சம்பாதிப்பவரைவிட வைத்திருந்து சம்பாதிப்பவர் பாதி வரி கட்டினால், ஸ்லாபை எத்தனை அழகாக வரைந்தும் மேல்மட்டத்தில் அது வளர்விகிதமாக இருக்காது. இதோடு வாரிசுச் சொத்துக்கு இருந்த எஸ்டேட் வரியை 1985-ல் எடுத்துவிட்டோம், செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டோம். இரண்டுமே வசூல் கொஞ்சம், வம்பு அதிகம் என்று எடுக்கப்பட்டவை, அது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

கடைசியாக விவசாய வருமானம். பேச்செடுத்தாலே கோபம் வரும் விஷயம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின்படி விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு, மத்திய அரசுக்கு இல்லை. அதனால் வருமான வரிச் சட்டத்தில் அதற்கு முழு விலக்கு. வேறு வருமானமும் உள்ளவருக்கு, விகிதம் கணக்கிட மட்டும் விவசாய வருமானத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். "ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் விவசாயிக்கு வரியா?" என்று கேட்பீர்கள். இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவர் எந்த நல்ல ஆண்டிலும் 12 லட்சம் லாபம் பார்க்கப் போவதில்லை. நாளைக்கே விலக்கை எடுத்துவிட்டாலும் ரிபேட் அவரைக் காப்பாற்றிவிடும், ஒரு ரூபாய்கூட அவர் கட்ட வேண்டியிருக்காது. அப்படியானால் இந்த விலக்கு யாரைக் காப்பாற்றுகிறது? நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவரையும், வேறு வழியில் வந்த பணத்தை "தென்னந்தோப்பு வருமானம்" என்று காட்டுகிறவரையும்தான். கே.என்.ராஜ் தலைமையிலான கமிட்டி 1972-லேயே பெரிய நில உடைமைகளுக்கு வரி போடும் முறையொன்றைப் பரிந்துரைத்தது. அது அப்படியே நின்றுபோனது.

கணக்கிட முடியாது என்ற சாக்கும் செல்லாது. தேயிலை பயிரிட்டுத் தாங்களே தூளாக்கி விற்கும் கம்பெனிகளின் வருமானத்தில் 40 சதவீதத்தைத் தொழில் வருமானம் என்றும் 60 சதவீதத்தை விவசாய வருமானம் என்றும் பிரித்து வரி போடும் விதி பல காலமாக நடப்பில் இருக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் அதன்படிதான் கணக்கு முடிக்கிறார்கள். 5 லட்சத்துக்கு மேல் விவசாய வருமானம் காட்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா என்று ரிட்டர்ன் படிவத்திலேயே இப்போது கேட்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காமல், 50 லட்சத்துக்கு மேல் காட்டுகிறவர்களின் பட்டா, அடங்கல், விளைச்சலை விற்ற ரசீது மூன்றையும் ஒன்றோடொன்று சரிபார்ப்பதில் தொடங்கலாம். அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, மாநிலங்களின் நில ஆவணங்களும் வருமான வரித் துறையின் கம்ப்யூட்டரும் பேசிக்கொண்டால் போதும்.